எட்டு லட்சம் ரூபாய்: ஜான் மால்கமும் கடைசிப் பேஷ்வாவும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியும் தூதருமான ஜான் மால்கமைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முகம் சுளிக்கிறார்கள். 1818 ஜூன் மாதம், ஓடி ஓடிக் களைத்துப்போய் அசீர்கர் கோட்டைக்குப் பக்கத்தில் மலைக் கணவாய் ஒன்றில் ஒடுங்கிக் கிடந்த, மராட்டிய அரசை நடத்திவந்த பேஷ்வா (தலைமை அமைச்சர்) இரண்டாம் பாஜிராவுக்கு, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் பென்ஷன் தருவதாக அவர் தன் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கே அது பிடிக்கவில்லை. நாலு பக்கமும் வளைக்கப்பட்டவனுக்கு இவ்வளவு எதற்கு, இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தால் தானாக வந்து விழுந்திருப்பானே என்பதுதான் கல்கத்தாவின் எண்ணம். பாஜிராவோ 1851 ஜனவரி வரை உயிரோடிருந்தார். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் கம்பெனி கொடுத்த மொத்தத் தொகை இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். ஆக, இளகிய மனசுக்காரர் ஒருவர் கண்ணீரைப் பார்த்து ஏமாந்து கஜானாவைத் திறந்துவிட்டார் என்று கதை முடிக்கப்படுகிறது.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒத்துவரவில்லை. மால்கம் நாடு பிடிக்க வந்த கம்பெனியின் ஆள். மராட்டிய அரசு ஒன்றை முடித்துவைக்கத்தான் அன்று அங்கே நின்றார். அதை மறைக்கவோ மெழுகவோ தேவையில்லை. ஆனால் அந்த 8 லட்சம் இரக்கத்தில் வந்த தொகை என்று சொல்வது அவருடைய தொழிலைப் புரிந்துகொள்ளாத பேச்சு. அது ஒரு படைக்காரர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் போட அவர் கற்றுக்கொண்ட இடம் இராணுவம். எந்தப் படையும் எப்போது கட்டுப்படும், எப்போது கட்டு மீறும் என்பதைச் சம்பளப் பட்டுவாடாவை வைத்தே சொல்லிவிடலாம் என்று தெரிந்துகொண்ட இடம்.

சம்பள பாக்கி

ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில், 17 பிள்ளைகள் உள்ள வீட்டில், 1769-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கம்பெனி இயக்குநர்கள் முன்னால் நிறுத்தப்பட்டபோது, ஐதர் அலியை எதிரில் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். வாளை உருவித் தலையை வெட்டுவேன் என்றானாம் பையன். வேலை கிடைத்தது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். 1783-இல் சென்னைக்கு வந்து இறங்கும்போது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகு திப்பு விடுவித்த கைதிகளை அழைத்துவரப் போன துருப்புக்கு இந்தச் சிறுவன்தான் தலைமை. குட்டைக் குதிரையில் வந்த பையனிடம், எதிரே வந்த மேஜர் ‘உங்கள் தளபதி எங்கே’ என்று கேட்க, ‘நான்தான் தளபதி’ என்று பதில் வந்ததும் பதிவாகியிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகள் சூதாட்டமும் கடனுமாகப் போயின. மூன்றாம் மைசூர்ப் போரில் நிஜாமின் படையோடு சேர்ந்து போனபோதுதான், தர்பாரில் பேசத் தெரிந்தவனுக்கு இருக்கிற மதிப்பை நேரில் பார்த்தார். முன்ஷி (மொழி ஆசிரியர்) வைத்துப் பாரசீகம் படித்தார். 1792-இல் நிஜாம் படையோடு இருந்த கம்பெனித் துருப்புகளுக்குப் பாரசீக மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. இராஜதந்திர வேலைக்கு அதுதான் வாசல்.

ஆனால் அவரை உருவாக்கிய நாள் என்று நான் கருதுவது 1798 அக்டோபர் 21. நிஜாமிடம் பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்றுவித்த பெரும்படை ஒன்று இருந்தது. அதைக் கலைக்க வேண்டும் என்று அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி முடிவெடுத்து, நிஜாமோடு ஒப்பந்தமும் போட்டாயிற்று. மால்கம் அப்போது ஹைதராபாத் ரெசிடென்டுக்கு, அதாவது நிஜாம் தர்பாரில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, உதவியாளர். படையைக் கலைக்கப் போகிறார்கள் என்ற செய்தி முகாமுக்குள் போனதும் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். கம்பெனியின் மீது அவர்களுக்கு அப்போது கோபமில்லை. சம்பள பாக்கி வரவில்லையே, படையைக் கலைத்தபிறகு அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் அவர்களுடைய ஒரே கவலை. தங்கள் பிரெஞ்சுத் தளபதி பிரோனையே பிடித்து அடைத்தார்கள். பேசப் போன மால்கமையும் சூழ்ந்துகொண்டார்கள். அவரைக் காப்பாற்றியது கூட்டத்தில் இருந்த சில பழைய ஆட்கள். முன்பு கம்பெனிப் படையில் அவருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு ஓடிவந்தவர்கள், அடையாளம் கண்டு அவரை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் நடந்ததைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கர்னல் ராபர்ட்ஸ் மேட்டில் பீரங்கிகளை நிறுத்திக் காட்டினார். மால்கம் நிஜாமின் குதிரைப்படையோடு மறுபக்கம் நின்றார். உள்ளே போன செய்தியில் இரண்டே விஷயங்கள்: பாக்கி முழுவதும் தரப்படும், விரும்புகிறவர்களுக்கு நிஜாமிடமே வேறு வேலை உண்டு. ஆயுதத்தை வைத்துவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். சுமார் 11,000 பேர் சில மணி நேரத்தில் ஆயுதத்தை வைத்தார்கள். ஒரு உயிர் போகவில்லை. பீரங்கி மட்டும் இருந்திருந்தால் சண்டை நடந்திருக்கும். பணம் மட்டும் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்கள். இரண்டும் ஒரே காலையில், ஒரே இடத்தில் கண்ணெதிரே தெரிந்ததால் வேலை முடிந்தது. பிற்காலத்தில் மால்கம் செய்த நல்ல காரியங்கள் எல்லாமே இதன் மறுபதிப்புகள். அவர் தோற்ற இடங்களில் இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தது.

1808-இல் பாரசீகத்தில் தோற்றதைப் பாருங்கள். அதற்கு முன் 1801-இல் இதே மனிதர் ஷா ஃபத் அலியிடம் போய், கடிகாரம், கண்ணாடி, துப்பாக்கி என்று வாரி இறைத்து உடன்படிக்கை வாங்கி வந்திருந்தார். ஊதாரித்தனம் என்று அப்போதே அவருக்குக் கெட்ட பெயர். இரண்டாம் முறை போகும்போது பிரெஞ்சுத் தளபதி கார்டான் தெஹ்ரானில் உட்கார்ந்திருந்தார். மால்கம் புஷேர் துறைமுகத்தில் இறங்கி, பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றினால்தான் ஆயிற்று என்று கறாராகப் பேசினார். ஷிராஸில் இருக்கும் இளவரசரிடம் பேசிக்கொள் என்று தெஹ்ரான் பதில் அனுப்பியது. மிரட்டலுக்குப் பின்னால் காட்டுவதற்கு அவரிடம் படை இல்லை. கெடு வைத்தார், கெடு முடிந்தது, கப்பலேறிப் போனார். அடுத்த ஆண்டே லண்டன் அனுப்பிய தூதர் ஹார்ஃபோர்ட் ஜோன்ஸ் உடன்படிக்கையை முடித்துக்கொண்டார். கெடு வைப்பவன் கையில் கெடு முடிந்த மறுநிமிஷம் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இதை மால்கம் மறக்கவேயில்லை என்பது பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது.

நடுவில் 1809-இல் மசூலிப்பட்டணம். சென்னை இராணுவத்தின் வெள்ளை அதிகாரிகள் கலகம் செய்த ஆண்டு அது. அடிக் காரணம் கூடாரப் படி. சிப்பாய்ப் படைப்பிரிவுகளுக்குக் கூடாரம் வைத்துப் பராமரிக்கத் தளபதிகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை தரப்பட்டுவந்தது. சண்டை இல்லாத காலத்திலும் அது வரும், கூடாரம் கிழிந்திருந்தாலும் வரும். அரசு அதை நிறுத்தியது. அந்தப் படி அதிகாரிகளின் நேர்மையைக் கெடுக்கிறது என்று தொனிக்கும்படி அறிக்கை எழுதியவர்மேல் கோபம். அதற்கு மேல், ஐரோப்பிய ரெஜிமென்டிலிருந்து ஆட்களைக் கப்பல் வேலைக்கு அனுப்பச் சொன்ன உத்தரவு வேறு. மால்கம் அங்கே அனுப்பப்பட்டார். யாரையும் கைது செய்யவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார், கேட்டுக்கொண்டார், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று சென்னைக்கு எழுதினார். கவர்னர் பார்லோ அதை ஏற்கவில்லை. மால்கமின் மென்மைதான் கலகத்தை வளர்த்தது என்று பேசினார்கள். இந்த ஒரு விஷயத்தில் பார்லோ பக்கமும் நியாயம் இருக்கிறது என்பேன். மசூலிப்பட்டணத்தில் மால்கம் கையில் பணமும் இல்லை, பீரங்கியும் இல்லை. இனிய பேச்சு மட்டுமே இருந்தது.

மகூலியில் ஏமாந்தது

1817 ஆகஸ்டில் சாத்தாராவுக்குப் பக்கத்தில் மகூலியில் பாஜிராவை மால்கம் சந்தித்தார். பழைய பழக்கம். 1803-இல் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லஸ்லியின் படை பாஜிராவைப் புனேயில் மறுபடி கொண்டுபோய் உட்கார வைத்த நாளிலிருந்து தெரியும். அந்த ஆண்டு ஜூனில் புனே உடன்படிக்கையில் கம்பெனி அவரிடமிருந்து கோட்டைகளையும் நிலங்களையும் பிடுங்கியிருந்தது. மனிதர் குமுறிக்கொண்டிருந்தார். மால்கமிடம் மட்டும் உருகிப் பேசினார். கொள்ளைக் குதிரைக் கூட்டங்களான பிண்டாரிகளை ஒழிக்கக் கம்பெனிக்கு உதவப் படை திரட்டுவேன் என்றார். மால்கம் நம்பினார். திரட்டுங்கள் என்று ஊக்கமும் கொடுத்தார். புனே ரெசிடென்ட் எல்ஃபின்ஸ்டனுக்கு நம்பிக்கை இல்லை. அவர் சந்தேகப்பட்டதே சரி. திரட்டிய படை நவம்பர் 5-ஆம் தேதி கட்கியில் கம்பெனிமேல் பாய்ந்தது. ரெசிடென்சி கட்டடம் எரிந்தது. எல்ஃபின்ஸ்டனின் நூல்கள் சாம்பலாயின.

மால்கமை இளகிய மனசுக்காரர் என்பவர்கள் இந்த மகூலியைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறையும் ஏமாந்தார் என்று. எனக்குப் படுவது நேர் எதிர். மகூலியில் பாஜிராவின் சொல்லை நம்பியவர், அடுத்த ஜூனில் அவருடைய சொல் எதையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு ஒன்றைச் செய்தார். ஆள் நேரில் முகாமுக்கு வர வேண்டும், தக்காணத்தை விட்டே போக வேண்டும், படையைக் கலைக்க வேண்டும். வாக்குறுதி கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் கம்பெனிப் பக்கம். மறுபக்கம் செய்ய வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரியங்கள்.

மே மாதத்துக் கரிசல்

இடையில் நடந்தவை தெரிந்தவைதாம். கோரேகாவ் சண்டை, பிப்ரவரியில் ஆஷ்டி சண்டை, அங்கே தளபதி பாபு கோகலே விழுந்தது, பெயரளவில் மராட்டியரின் அரசரான சாத்தாரா ராஜா கம்பெனி கைக்கு வந்தது, ஏப்ரலில் சிவனியில் கர்னல் ஆடம்ஸிடம் மறுபடி உதை. மால்கம் இதற்குள் மகித்பூரில் மராட்டிய அரசர் ஹோல்கரின் படையை உடைப்பதில் முன்னணியில் நின்று, ஜனவரியில் மந்த்சௌரில் உடன்படிக்கையும் எழுதி முடித்திருந்தார். அவரோடிருந்த காலாட்படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். மே மாத நடுவில் மாளவத்தில் மஹூவில் முகாமிட்டிருந்தபோது பாஜிராவின் வக்கீல்கள், அதாவது தூதர்கள், வந்து நின்றார்கள்.

அன்றைக்கு மால்கம் முன்னால் இருந்த கணக்கு இது. பாஜிராவ் இருப்பது அசீர்கருக்கு அருகே. கோட்டை இன்னொரு மராட்டிய அரசரான சிந்தியாவுடையது. கிலேதார் (கோட்டைத் தலைவர்) ஜஸ்வந்த் ராவ் லார் பேஷ்வாவுக்கு அனுகூலமானவர். பாஜிராவிடம் சுமார் 4,000 குதிரை, 3,000 காலாள். காலாட்களில் அராபியக் கூலிவீரர் ஆயிரத்துக்கு மேல். அராபியர்கள் கோட்டைக்குள் புகுந்துவிட்டால் சுவரைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது என்பது தக்காணத்தில் எல்லாரும் அறிந்த பாடம். கம்பெனியின் முற்றுகைப் பீரங்கிகள் பக்கத்தில் இல்லை. இது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மழை. ஜூன் நடுவில் அந்தப் பக்கம் மழை பிடித்தால் கரிசல் மண் சேறாகிவிடும். பீரங்கி வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும், மாடுகள் முட்டிபோடும், நர்மதையும் தாப்தியும் பெருகி நாலு பக்கத்துப் படைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று துண்டித்துவிடும். வளைத்து நிற்கிறோம் என்று கல்கத்தாவில் வரைபடத்தில் பார்த்துச் சொல்லலாம். அந்த வளையத்துக்கு ஆயுள் மூன்று வாரம். அதற்குப்பின் அக்டோபர் வரை வளையமே கிடையாது. பேஷ்வா என்ற பெயரோடு ஒரு மனிதர் கோட்டைக்குள் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தால், அப்போதுதான் அடங்கிய ஹோல்கர், நாக்பூர், சிந்தியா பக்கங்களில் என்னென்ன கிளம்பும் என்று யாருக்குச் சொல்ல முடியும்?

இது வெறும் பயம் என்று சொல்ல வழியில்லை. மறுவருஷம் அதே அசீர்கரைப் பிடிக்க கம்பெனித் தளபதி டவுடனும் மால்கமும் பெரும் பீரங்கித் தொகுதியோடு போய் முற்றுகையிட வேண்டியிருந்தது. 1819 ஏப்ரல் 9-இல் கோட்டை விழுந்தபோது, பேஷ்வாவுக்கு உதவி செய்யும்படி சிந்தியா கிலேதாருக்கு எழுதியிருந்த கடிதமும் கையில் சிக்கியது. ஹேஸ்டிங்ஸ் சொன்னதுபோல் நாலு நாள் பொறுத்திருந்தால் பேஷ்வாவுக்குக் கோட்டைக்கதவு திறந்திருக்கக்கூடும்.

இனித் தொகை. அந்தக் காலத்தில் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் சுமார் 7 ரூபாய், ஆண்டுக்கு 84. எட்டு லட்சத்தை 84-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9,500 சிப்பாய்களின் அடிப்படைச் சம்பளம். அணிவகுப்பில் தரும் படி, அதிகாரிகளின் சம்பளம், மாடு, தீனி, தானியம், வெடிமருந்து எதுவும் இதில் சேரவில்லை. 1817-இல் கம்பெனி களத்தில் இறக்கியிருந்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை. அதில் பத்தில் ஒரு பங்கை இன்னும் ஓராண்டு களத்தில் நிறுத்திவைக்க ஆகும் வெறும் சம்பளத்தைத்தான் மால்கம் பாஜிராவுக்கு ஆண்டுதோறும் தர ஒப்புக்கொண்டார். கைக்கு வந்த பேஷ்வாவின் நிலவருவாயோடு வைத்துப் பார்த்தாலும் அது சிறு பங்கு. தவிர, பேஷ்வாவின் நிழலில் வாழ்ந்த ஜாகீர்தார்கள், பிராமணர்கள், சர்தார்கள் எல்லாரும் இந்தத் தொகையைப் பார்த்துத்தான் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று எடைபோடப்போகிறார்கள். தலைவனுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பினால் அவர்கள் வாளைக் கீழே வைக்கமாட்டார்கள்.

மால்கம் முதலில் அனுப்பியது ஜான் லோ என்ற இளம் லெப்டினன்டை. இரண்டு விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை: பேஷ்வா பட்டமும் ஆட்சியும் போய்விட்டன, தக்காணத்தில் இருக்கவும் கூடாது. பிப்ரவரியிலேயே எல்ஃபின்ஸ்டன் சாத்தாராவில் வெளியிட்ட அறிக்கையில் இது சொல்லப்பட்டாயிற்று. பேஷ்வாவின் நெருங்கிய ஆளான டிரிம்பக்ஜி டேங்ளேயைப் பிடித்துத் தரவேண்டும் என்றும் கேட்டார்கள். அவர் தனிப் படையோடு இருக்கிறார், என் கையில் இல்லை என்றார் பாஜிராவ். அதில் கொஞ்சம் விட்டுப்பிடித்தார்கள்.

ஜூன் 1 அன்று கேரி என்ற ஊரில் சந்திப்பு. மால்கம் சிறு துணையோடு போனார். தர்பார் மரியாதைகள் முடிந்ததும் தனியாகப் பேசினார்கள். பாஜிராவ் அழுதார். தனக்கு மூன்று நண்பர்கள் இருந்தார்கள், முன்னாள் புனே ரெசிடென்ட் பாரி க்ளோஸ் இறந்துபோனார், ஆர்தர் வெல்லஸ்லி தூர தேசத்தில் இருக்கிறார், மிச்சம் நீங்கள்தான் என்றார். பட்டத்தையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினார். மால்கம் பட்டத்தைத் தரவில்லை. இரக்கக் கதை சொல்கிறவர்கள் கண்ணீர்வரை வந்து நின்றுவிடுகிறார்கள். கண்ணீருக்குப் பிறகும் அவர் கேட்ட முக்கியமான ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. அன்றிரவே நிபந்தனைகள் எழுத்தில் போயின. 24 மணி நேரம் கெடு. புஷேரைப் போல இல்லாமல், இம்முறை கெடு முடிந்தால் நகர்வதற்குப் படைகள் சுற்றிலும் தயாராக நின்றன. புர்ஹான்பூர்ப் பக்கம் டவுடன் இருந்தார். மறுநாள் முழுக்க ஆள்மேல் ஆள் வந்து தவணை கேட்டார்கள். தவணை தரப்படவில்லை. ஜூன் 3 காலை பாஜிராவ் குடும்பத்தோடு மால்கமின் முகாம் பக்கம் வந்து கூடாரமடித்தார். ஹைதராபாதின் அந்தக் காலைதான் இது: மேட்டில் பீரங்கி, கையில் பணம்.

அராபியர்கள்

சரணடைந்ததோடு முடியவில்லை. என்னைக் கேட்டால் மால்கமின் திறமை முழுதாகத் தெரிவது இதற்குப் பிறகு வந்த வாரத்தில்தான். எந்தச் சரணாகதியிலும் ஆபத்தான காலம் கையெழுத்துக்கும் கலைப்புக்கும் நடுவே உள்ள நாட்கள். தலைவன் தன் பங்கை வாங்கிக்கொண்டான், நமக்கு என்ன என்று கேட்கும் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஆயுதத்தோடு நிற்பார்கள். கூலிப்படையை உடனே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுங்கள் என்று மால்கம் எச்சரித்தார். பாஜிராவ் கேட்கவில்லை. பழைய பரிவாரத்தோடு போவது அவருக்கு மானம் சார்ந்த விஷயம்.

தகராறு வந்தது ஒரு தேதியைப் பற்றி. அராபியர்களை வேலைக்கு அமர்த்தியது டிரிம்பக்ஜி. பாஜிராவ் தன் முகாமுக்கு அவர்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து சம்பளம் கொடுத்துவிட்டார். டிரிம்பக்ஜி எங்களைச் சேர்த்த நாளிலிருந்து வேண்டும் என்றார்கள் அவர்கள். கூலிவீரன் பார்வையில் அது முழுக்க நியாயமான கோரிக்கை. ஜூன் 9 அன்று வடக்கே நர்மதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது பாஜிராவின் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மால்கமின் படையில் பெரும்பகுதி முன்னே போய்விட்டது. பக்கத்தில் இருந்தது சிறு தொகுதிதான். போனவர்களைத் திரும்ப அழைத்தார். மறுநாள் காலை பீரங்கியோடு வரிசை கட்டி நின்றார். எதிர்ப்பக்கமிருந்து துப்பாக்கிகள் வெடித்தன, சிப்பாய்கள் சிலர் காயம்பட்டார்கள். திருப்பிச் சுட உத்தரவு வரவில்லை. சுட்டால் முதலில் சாவது கூடாரத்துக்குள் இருக்கும் பாஜிராவாக இருக்கும். சரணடைந்து வந்தவர் கம்பெனி முகாமில் செத்தார் என்ற செய்தி பரவினால், எழுதிய எட்டு லட்சமும் வீண்.

அடிபட்ட பிறகும் சுடாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று படை நடத்தியவர்களுக்குத் தெரியும். சிப்பாய்கள் நின்றார்கள். அந்தக் காலையின் வெற்றி அவர்களுடையது என்றே நான் சொல்வேன். பேச்சு ஓடியது. பாக்கிக் கணக்கு நியாயமாகத் தீர்க்கப்படும் என்று மால்கம் பொறுப்பேற்றார். பிரிந்து போகும்போது முதுகில் தாக்கமாட்டீர்கள் என்பதற்கு அராபியத் தலைவன் உறுதி கேட்டான். மால்கம் கையைக் கொடுத்தார். வளையம் பிரிந்தது. பாஜிராவ் அதன்பின் சொன்னபடி கேட்டு நடந்தார். சொந்தப் படையிடமிருந்தே தன்னைக் காப்பாற்றியவர்களோடு பேரம் பேச அவருக்கு இனி ஒன்றுமில்லை.

மாளவத்தை அடுத்த சில ஆண்டுகள் மால்கம் நிர்வகித்த முறையும் இதன் நீட்சி. தன் கீழிருந்த அதிகாரிகளுக்கு அவர் வற்புறுத்திய ஒன்று, கூடாரத்தின் நான்கு வாசலும் திறந்திருக்க வேண்டும் என்பது. குறை சொல்ல வருபவன் சேவகன், எழுத்தர், முன்ஷி என்று ஒவ்வொரு படியிலும் காசு வைத்து உள்ளே வரும்படி விட்டால், அதிகாரிக்குக் காசு கொடுத்தவனின் கதை மட்டுமே காதில் விழும். கலகம் பிறப்பது காசு கொடுக்க முடியாதவனிடம்.

குடும்பம் என்றொரு சொத்து

குற்றம் சொல்ல வேண்டுமானால் தொகையை விட்டுவிட்டு, அந்த ஷரத்து எழுதப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ‘பாஜிராவுக்கும் அவர் குடும்பத்துக்கும்’ பராமரிப்பாகத் தாராளமான பென்ஷன் என்று எழுதியிருக்கிறது. அது எத்தனை காலத்துக்கு, அவர் இறந்தபின் யாருக்கு, சுவீகாரம் எடுத்த பிள்ளை குடும்பத்தில் சேர்த்தியா என்று ஒரு வரி இல்லை. இருபத்து நான்கு மணி நேரக் கெடுவில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் மால்கம் உயிரோடிருந்தார். பம்பாய் கவர்னராகவும் இருந்தார். பாஜிராவ் தோண்டு பந்த் என்ற பையனைச் சுவீகாரம் எடுத்தது 1827-இல், மால்கம் பம்பாய் கவர்னரான அதே ஆண்டு. விளக்கம் எழுதி வாங்க நேரமும் பதவியும் இருந்தன. அது நடக்கவில்லை.

கான்பூருக்குப் பக்கத்தில் கங்கைக்கரையில் பிட்டூரில் பாஜிராவ் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தார். கூட இருந்து கவனித்துக்கொண்ட அதிகாரி, தூதாகப் போன அதே லோ. ஆப்கன் போரில் கம்பெனிக்குப் பணமுடை வந்தபோது பாஜிராவ் 5 லட்சம் கடன் கொடுத்தார். சீக்கியர் போர்க் காலத்தில் ஆயிரம் குதிரையும் ஆயிரம் காலாளும் தருகிறேன் என்று முன்வந்தார். ஹேஸ்டிங்ஸ் அஞ்சிய எதுவும் நடக்கவில்லை. அவரே பின்னால் அதை ஒப்புக்கொண்டார்.

1851-இல் அவர் இறந்ததும் அப்போதைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பென்ஷனை நிறுத்தினார். 33 ஆண்டுகள் வாங்கியாயிற்று, சொந்தப் பிள்ளை இல்லை, 28 லட்சம் சொத்து விட்டுப்போயிருக்கிறார், போதும் என்பது அவர் வாதம். தோண்டு பந்த், அதாவது நானா சாகிப், ஒப்பந்தத்தில் குடும்பம் என்று இருப்பதைக் காட்டி மனு எழுதினார். தன் ஆலோசகர் அஜீமுல்லா கானை லண்டனுக்கே அனுப்பினார். பலிக்கவில்லை. எழுதிக் கொடுத்த மால்கம் 1833-இலேயே இறந்துவிட்டதால், என்ன நினைத்து எழுதினார் என்று கேட்க ஆளில்லை. 1857 ஜூனில் நானா சாகிப் தலைமையில் கான்பூரில் நடந்த கிளர்ச்சிக்குப் பென்ஷன் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எட்டு லட்சத்தை வீண்செலவு என்று கணக்குப் பார்ப்பவர்கள், அதை நிறுத்தியதால் ஆன செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

லோ அதற்குள் முதியவராகி, கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவுக்கு வந்திருந்தார். நாக்பூரை இணைக்கலாமா என்று 1854-இல் விவாதம் வந்தபோது கூடாது என்று எழுதினார். அந்தக் குறிப்பில் சாத்தாராவை இணைத்ததைப் பற்றியும் சொல்கிறார். 1850-இல் மாளவத்துக்குப் போயிருந்தபோது, தான் மால்கமின் கீழ் இளைஞனாக வேலை பார்த்த நாட்களில் பழகிய மனிதர்களைச் சந்தித்ததாகவும், சாத்தாரா ராஜா என்ன குற்றம் செய்தார், அவர் நாட்டை ஏன் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று அவர்கள் தன்னைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். டல்ஹௌசி நாக்பூரை எடுத்துக்கொண்டார்.